வீட்டுக் கணக்கில் அரைக்கால்

அந்தச் சனிக்கிழமை காலை மூன்றாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: வகுப்பு டீச்சர் உம்மல் குல்சும். அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளும். அவர்களைப் பெற்றவர்களில், அரை நாள் லீவு கேட்டு வாங்க முடிந்தவர்கள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அருள்குமார், அவன் மகள் அக்ஷயா. இரண்டு வருஷமாக அவனைப் பிரிந்து உடுமலைப்பேட்டையில் அப்பா வீட்டில் இருக்கும் பொற்கொடி. அவளைக் காரில் அழைத்து வந்திருந்த அவளுடைய அப்பா நஞ்சுண்டன், தென்னந்தோப்புக்காரர். கடைசியாக, ஆள் அல்ல என்றாலும் ஆள் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ஒரு பவானி ஜமக்காளம்.

வருஷக் கடைசியில் பெற்றோரையும் உட்காரவைத்து ஒரு கணக்கு வகுப்பு எடுப்பது உம்மல் குல்சும் டீச்சரின் வழக்கம். பின்னம் என்பது ஒரு கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எழுதுகிற சமாச்சாரம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவதற்கு முன்னால், அதை மடித்து, கிழித்து, ஊற்றி, கடித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்குப் பெற்றோர் எதற்கு என்று தலைமையாசிரியர் ஒருமுறை கேட்டாராம். வீட்டில் போய்க் கெடுப்பது அவர்கள்தானே என்று டீச்சர் சொன்னாராம்.

நாலு பேருக்கு மட்டும் அன்றைக்கு வேறு கணக்கு இருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது அக்ஷயா கோயமுத்தூரில் அப்பாவோடு இருப்பாளா, உடுமலையில் அம்மாவோடு இருப்பாளா என்பது அன்றைக்கு முடிவாக வேண்டும். கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை. இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்துக்குப் பயந்த குடும்பம். பிள்ளை அப்பாவோடு இருந்து இங்கேயே மூன்றாம் வகுப்பை முடிக்கட்டும், அவளையே கேட்போம், அவள் சொல்கிறபடி செய்வோம் என்று பிரியும்போதே பேசி வைத்திருந்தார்கள். பொற்கொடி பள்ளிக்கே வருவதாகச் சொல்லிவிட்டதால், கேட்பதும் அங்கேயே என்று ஆகிவிட்டது.

பிரிந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அருள்குமார் அப்போது ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட். அவன் விடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் எழுந்து வேலைக்கு ஆயத்தமாவாள். அவள் திரும்பும்போது அவன் சட்டையில் பஞ்சு தட்டிக்கொண்டு கிளம்புவான். வருஷக்கணக்கில் அப்படி. சண்டை போடக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவில்லை. அவள் உடுமலைக்குப் போன மாதமே அவன் நைட் ஷிப்டை விட்டுவிட்டு லேத் பட்டறையில் பகல் வேலைக்குச் சேர்ந்தான். முன்னாலேயே விட்டிருக்கலாம். தோன்றவில்லை. புத்தி என்பது அவனுக்கு எப்போதும் ஷிப்ட் முடிந்த பிறகுதான் வரும்.

இந்த அறை அவனுக்குப் புதிதல்ல. அவனும் இதே பள்ளியில், இதே அறையில் மூன்றாம் வகுப்பு படித்தவன். அப்போது மில் சங்கு ஊதினால் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். யாருடைய அப்பா எந்தச் சங்குக்கு வீட்டுக்கு வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது சங்கும் இல்லை, மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஜன்னல் மட்டும் அதே ஜன்னல். கம்பியில் பெயின்ட் ஏறி ஏறி விரல் தடிமனாகிவிட்டது. அந்தக் காலத்து வாத்தியார் போர்டில் ஒரு வட்டம் போடுவார், நடுவில் ஒரு கோடு இழுப்பார், அரை என்பார். இன்னொரு கோடு, கால் என்பார். அதோடு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. மீதியை அருள்குமார் தானே யோசித்து நிரப்பிக்கொண்டான்.

அப்படி நிரப்பிக்கொண்டதில் ஒன்றுதான் அரைக்கால். அரையும் காலும் சேர்ந்தால் அரைக்கால் என்று அவன் முடிவு செய்திருந்தான். சொல்லைக் கேட்டாலே அப்படித்தானே இருக்கிறது. முக்கால் என்பது கடிகாரத்துக்கும் பேன்ட்டுக்கும். தின்பதற்கும் குடிப்பதற்கும் அரைக்கால். மகளோடு தனியாக இருந்த இரண்டு வருஷத்தில் ராத்திரிச் சாப்பாட்டில் இதையே அவளுக்கும் சொல்லிக்கொடுத்தான். தோசையை நாலாகக் கரண்டியால் வெட்டி, இந்தப் பக்கம் அரை, அதோடு இந்தக் கால், ஆக அரைக்கால் தோசை உனக்கு, மிச்சம் கால் எனக்கு என்பான். அவள் இன்னும் அரைக்கால் என்று கேட்பாள். முழுசாக ஒன்று வேண்டாம், பாதி போதாது என்றால் அந்த வீட்டில் அரைக்கால். அது தப்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

டீச்சர் வருவதற்கு முன்னால், வராண்டாவில், நஞ்சுண்டன் பேத்தியை அருகே அழைத்தார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் தேங்காய்ச் சந்தையில் பேசிப் பழகிய வாய். சுற்றி வளைக்கத் தெரியாது.

"அம்மணி, அப்பிச்சி கேக்கறேன், பயப்படாமச் சொல்லு. வார வருசம் நீ யாருகூட இருக்கற?"

அக்ஷயா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அன்றைக்கு அவளுக்கென்று தைத்த பட்டுப் பாவாடையைப் பையில் வைத்திருந்தாள். பையிலிருந்து ஜரிகை நுனி எட்டிப் பார்த்தது. பிள்ளை தண்ணீர் பாட்டில் வாரை வாயில் வைத்துக் கடித்தாள். யார் மனசையும் நோகடிக்காத ஒரு பதிலை அவள் முந்தின ராத்திரியே யோசித்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

"அப்பாகூட அரைக்கால். மிச்சம் அம்மாகூட."

நஞ்சுண்டன் முகம் மலர்ந்தது. அவர் காலத்து அரைக்கால் வேறு. காலில் பாதி, எட்டில் ஒரு பங்கு. வருஷத்தில் ஒன்றரை மாசம். அதைக்கூடக் கொடுக்காமல் இருக்க அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. பேத்தியின் தலையைத் தடவி, நாயமாச் சொன்னே கண்ணு என்றார்.

அருள்குமாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முக்கால் வருஷம். பள்ளிக்கூட நாள் பூராவும் தன்னோடு, லீவெல்லாம் அம்மாவோடு. முக்கால் பங்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மாமனார் இப்படிச் சிரிக்கிறாரே, இவரைப்போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வேகத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அவ சொன்னபடியே இருக்கட்டுமுங் மாமா, நான் பேச்சு மாற மாட்டேனுங் என்றான். நானும் மாற மாட்டேன் மாப்ள என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பொற்கொடி மட்டும் மகளைப் பார்க்காமல் அவனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் அதை அவன் கவனிக்கவில்லை.

வகுப்பு செய்தித்தாளில் தொடங்கியது. தட்டை வைத்து வட்டமாக வெட்டிய தாள், அதுதான் தோசை. பிள்ளைகள் மடித்தார்கள், ஓரம் ஓரத்தோடு சேருகிறதா என்று பார்த்தார்கள், மடிப்பில் நகத்தால் நீவிக் கிழித்தார்கள். எனக்குப் பெரிய பாதி என்று ஒரு பெண் கேட்டாள். பாதியில் பெரிசு சின்னது கிடையாது, இருந்தால் அது பாதி இல்லை என்று டீச்சர் இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். ஒரு பெரியவர் தன் மகனுக்கு உதவுகிறேன் என்று பிடுங்கிக் கிழித்ததில் தோசை கோணலாகிவிட்டது. பையன் அழ ஆரம்பித்தான். டீச்சர் பெரியவரிடம் இன்னொரு தாளைக் கொடுத்து, நீங்களும் மொதல்ல இருந்து மடிங்க என்றார்.

பிறகு தண்ணீர். ஒரே மாதிரி பாட்டில்கள், நடுவில் ஒரு ரப்பர் பேண்ட், அதற்கும் அடிக்கும் நடுவில் இன்னொன்று. ஊற்றினார்கள், சிந்தினார்கள், துடைத்தார்கள். பிறகு கடலை மிட்டாய்ப் பாளம். அது மட்டும் எத்தனை பேர் வெட்டினாலும் சரியாக வெட்டுப்பட்டது. தின்பதென்றால் கை தானாகச் சரியாக வெட்டும் என்று டீச்சர் சொன்னார்.

அருள்குமார் பின் பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்திருந்தான். அக்ஷயா வயசில் தனக்கும் இப்படி ஒரு டீச்சர் இருந்திருந்தால் என்று நினைத்தான். நினைத்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் நினைத்தான். கையில் ஒட்டிய வெல்லத்தை நக்கிக்கொண்டு, மகள் சிரிக்கும்போதெல்லாம் அவனும் சிரித்தான்.

கடைசியில் ஜமக்காளம். ஆண்டுவிழாவுக்கு விரிக்கிற பெரிய ஜமக்காளம்; சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பட்டை. இதை ஒரு ஆளால் மடிக்க முடியாது, யாராவது அம்மா அப்பா ஜோடியாக வாங்க என்று டீச்சர் கூப்பிட்டார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒருத்தர்தான் வந்திருந்தார்கள். ஜோடியாக வந்தவர்கள் என்று பார்த்தால் அருள்குமாரும் பொற்கொடியும்தான். டீச்சருக்கு வீட்டு விஷயம் தெரியாது. அக்ஷயா முந்திக்கொண்டு கை தூக்கிவிட்டாள்.

ஆளுக்கு ஒரு முனையில் போய் நின்றார்கள். ஜமக்காளத்தைத் தூக்கி ஒரு உதறு உதறினார்கள். உதறல் அவன் கையிலிருந்து கிளம்பி அலையாகப் போய் அவள் கையில் முடிந்தது. அவள் முனையைக் கட்டைவிரலால் மடக்கிப் பிடிக்கிற விதம் மாறவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒண்டுக் குடித்தனத்து மொட்டை மாடியில் இதே மாதிரி ஒரு ஜமக்காளத்தில்தான் வெயில் காலம் பூராவும் படுத்தார்கள். விடிந்ததும் இப்படித்தான், ஆளுக்கு ஒரு முனை, தூக்கக் கலக்கத்தில் எதிரும் புதிருமாக நடந்து வந்து நடுவில் முட்டிக்கொள்வார்கள். அவள் அவன் கையிலிருந்து முனையை வாங்கிக்கொள்வாள். அதன் பிறகு அவன் நைட் ஷிப்டுக்கு மாறினான். மாடியில் ஜமக்காளம் விரிப்பது நின்றுபோனது. எந்த நாளோடு நின்றது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அப்படிப்பட்டவை எல்லாம் யாருக்கும் சொல்லாமல்தான் நிற்கின்றன.

இரண்டு பேரும் நடந்து வந்து முனையைச் சேர்த்தார்கள். இப்ப என்ன என்றார் டீச்சர். அரை என்று அறை அதிர்ந்தது. குனிந்து மடிந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் போய், மறுபடி வந்தார்கள். கால். தடிமனாகிவிட்டது; அக்ஷயா நடுவில் தாங்கிப் பிடித்தாள். இன்னொரு தடவை நடந்து வந்தார்கள். இப்போது அவனுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"இது புஸ்தகத்துல இல்ல, ஆனா தெரிஞ்சுக்கோணும். காலை இன்னொருக்கா பாதியா மடிச்சா அரைக்கால்," என்றார் டீச்சர்.

முகமது ரியாஸ் என்ற பையன் எழுந்து தன் தொடையைத் தட்டினான். "டீச்சர், நான் போட்டிருக்கறதுங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அதேதான்டா என்றார். அரைக்கால் டவுசர் என்றால் காலில் பாதி வரைக்கும். கணக்கிலும் காலில் பாதி. ஜமக்காளத்தின் ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார்: எட்டு அடுக்கு, எட்டில் ஒன்று.

அருள்குமார் ஜமக்காளத்தைப் பிடித்தபடியே நின்றான். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான். வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங் டீச்சர், அரையும் காலும் சேந்தா அரைக்கால் இல்லீங்களா?"

"அது முக்காலுங்க," என்றார் டீச்சர், பிள்ளைகளிடம் சொல்வதைவிட மெதுவாக. "நெறையப் பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க."

பின்னாலிருந்து நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். மாப்ள நல்ல நேரமாப் பாத்துத்தான் கேக்கறாப்டி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது முன் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

அக்ஷயா ஜமக்காளத்தை விட்டுவிட்டாள். அது நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. தான் சொன்னது என்ன என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட முகம். நேராகப் போய் ஜன்னலோரப் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பொற்கொடி அவன் கையிலிருந்த முனைகளை வாங்கி, மீதியைத் தானே சுருட்டி மேசைமேல் வைத்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் கடலை மிட்டாயின் மிச்சத்தைப் பிரித்துக்கொண்டு ஓடினார்கள். டீச்சர் பெற்றோர்களிடம் நாலாம் வகுப்பு சேர்க்கை பற்றிச் சொல்லிக்கொண்டே வாசல் வரை போனார். அறையில் இந்த நாலு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

அருள்குமார் மாமனாரிடம் சொல்லிப் பார்த்தான். நான்தான் அவளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அவள் சொன்னது முக்கால் என்றான். அவன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. தோற்றுப்போனவன் ஆட்ட விதியை மாற்றுகிற மாதிரி. நஞ்சுண்டன் பொறுமையாகக் கேட்டார். அரையும் காலும் தெரியாத ஆளா நீங்க, லேத்தில் அங்குலத்தை நூல் நூலாக அளந்து இரும்பு கடைகிறவர்தானே என்றார். பேச்சு மாற மாட்டேன் என்று காலையில் சொன்னது யார் என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சொன்னவன் அவன்தான்.

அப்படீன்னா அவளையே இன்னொருக்காக் கேளுங்க என்றான் அருள்குமார்.

"கொழந்தைய எத்தன தடவ தராசுல வெப்பீங்க மாப்ள?"

அவன் ஜன்னலோரம் பார்த்தான். அக்ஷயாவின் முதுகு அசையாமல் இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இப்போது கேட்டால் அவள் பின்னத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அம்மாவின் முகத்துக்கு நேராக, உன்னோடு இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அல்லது அதைச் சொல்லப் பயந்து, அப்பாவோடு இல்லை என்று சொல்ல வேண்டிவரும். எதைச் சொன்னாலும் அந்த வார்த்தை அவளோடேயே வளரும்.

"வேண்டாமுங் மாமா," என்றான். "அரைக்காலே இருக்கட்டும். கூட்டிட்டுப் போங்க."

சொன்னதும் அவன் செய்த காரியம், மகளின் பையை எடுத்து ஜிப்பை மூடியதுதான். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே நின்றான்.

"அப்பா, அவ சொன்னது முக்காலுங்க," என்றாள் பொற்கொடி.

நஞ்சுண்டன் திரும்பினார். உனக்கெப்படித் தெரியும் என்றார்.

"கல்யாணமான மறுநா இவீங்க அரைக்கால் டம்ளர் காப்பி போதும்னாங்க. நான் ரண்டு மடக்கு ஊத்திக் குடுத்தேன். ஒண்ணும் பேசாமக் குடிச்சுப்போட்டு, கடைக்குப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தாங்க. இவீங்க சின்னம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கிருந்து அரைக்கால்னா முக்கா டம்ளர் ஊத்துவேன். திருத்தோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. அந்த ஊட்டுல அரைக்கால்னா முக்கால்தான்."

"காத்தால அவ சொல்றப்பவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பொறவு ஏன் சும்மா நின்ன?"

"என்ற புள்ள எனக்கும் வேணுமுங்கப்பா."

நஞ்சுண்டன் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, போர்டில் டீச்சர் வரைந்திருந்த தோசையைப் பார்த்தார். சும்மாவே இருந்திருக்கலாமே அம்மணி, யாரு கேட்டா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகள் கைக்கு வந்ததைக் கீழே போடுகிறாளே என்ற ஆற்றாமைதான்.

"கூட்டிட்டுப் போயிருவேன். அங்க தெனமும் தட்டுல தோசை வெக்கறப்ப அரைக்கால்ம்பா. நான் எத வெக்கறதுங்க?"

அக்ஷயா பெஞ்சிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அவள் இடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டாள். பொற்கொடி அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அருள்குமார் போட்ட பின்னல். எப்போதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

மற்றதெல்லாம் சாதாரணப் பேச்சாக முடிந்தது. பள்ளிக்கூட நாள் அப்பாவுக்கு. முழாண்டு லீவு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, நோன்பிக்கும் திருவிழாவுக்கும் கிடைக்கிற நாட்கள், எல்லாம் அம்மாவுக்கு. கூட்டினால் ஏறக்குறைய ஒரு கால் வரும் என்றாள் பொற்கொடி. டீச்சரிடம் காட்டிச் சரிபார்க்கலாம் என்று அருள்குமார் சொன்னான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது போதும் என்று அவனுக்குத் தோன்றியது. லீவு அன்றைக்கே ஆரம்பிக்கிறபடியால் அக்ஷயா அன்றைக்கே அவர்களோடு போகிறாள் என்று ஆயிற்று.

கார்வரைக்கும் போனான். நஞ்சுண்டன் ஏறுவதற்கு முன்னால் நின்று, ஒருக்கா நீங்களும் வாங்க மாப்ள, எளநி குடிச்சுட்டு வரலாம் என்றார். வாரேனுங் என்றான். இரண்டு பேருக்கும் அது நடக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்லிக்கொள்வதில் ஒரு மரியாதை இருந்தது. அக்ஷயா கண்ணாடியை இறக்கிக் கை காட்டினாள். பொற்கொடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் திரும்பியதும் தெருவில் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

பட்டறைக்கு இனிப் போய்ப் பிரயோஜனமில்லை. வீட்டுக்குப் போகவும் அவசரமில்லை. அவன் திரும்பி வகுப்புக்குள் வந்து, தரையில் கிடந்த செய்தித்தாள் துண்டுகளைப் பொறுக்கினான். யாரும் சொல்லவில்லை. அரைகளும் கால்களுமாகக் கிடந்தன, எது எதோடு சேர்ந்தது என்று தெரியவில்லை. பெஞ்சைப் பழைய வரிசைக்குத் தள்ளினான். தான் உட்கார்ந்திருந்த பெஞ்சு எது என்று தேடினான். அந்தக் காலத்துப் பெஞ்சு ஒன்றுகூட இல்லை, எல்லாம் இரும்புக் கால் போட்ட புதுசு.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாலாம் வகுப்பு மேல் மாடியிலுங்க, ஜூன்ல நேரா அங்க கூட்டிட்டு வந்துருங்க, இனி இந்த ரூமுக்கு வரவேண்டியதில்லை என்றார். சரிங் டீச்சர் என்றான். விசிறியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினான். அது சுற்றி ஓயும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பூட்டோணுமுங்க என்றார் டீச்சர்.

அவன் வெளியே வந்து செருப்பை மாட்டினான். உம்மல் குல்சும் டீச்சர் அவனுக்குப் பின்னால் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, தாழைத் தள்ளி, பூட்டைப் போட்டு, பூட்டிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.